இருந்ததிலேயே சின்ன மெசின்

என் மனைவி தனக்கென்று என்னிடம் கேட்டவை மிகவும் குறைவு. அவற்றில் ஒன்று மரம் அறுக்கும் மெசின். அதை நான் வாங்கிக் கொடுத்தேன், ஆனால் அவள் கேட்டதை வாங்கிக் கொடுக்கவில்லை. தெரியாமல் செய்த பிசகாக இருந்தால் இதை எழுத உட்கார்ந்திருக்க மாட்டேன்.

அப்போது நான் மூணாறில் ஒரு தேயிலைத் தொழிற்சாலையில் ஸ்டோர் கிளார்க். ஓய்வுக்கு இரண்டு வருடம் பாக்கியிருந்தது. பாலக்காட்டுப் பக்கத்துச் சித்தூருக்குக் கிழக்கே எங்களுக்கு நாலு ஏக்கர் பூமி இருக்கிறது. பாதி தென்னை, பாதி நெல். மாதத்துக்கு இரண்டு தடவை நான் மலையிறங்கி வந்து போவேன். மற்ற நாட்களிலெல்லாம் விதைப்பு, தண்ணீர், கூலியாள், மாடு என்று எல்லாவற்றையும் பார்த்தவள் அவள்தான். மகள் கல்யாணமாகிப் போன பிறகு வீட்டிலும் அவள் ஒருத்திதான்.

ஒரு வருடம் மழை தொடங்கிய வாரத்தில், வரப்போரத்துப் புங்கமரம் முறிந்து எங்கள் வாய்க்காலுக்குக் குறுக்கே விழுந்தது. தண்ணீர் எதிர்த்துக்கொண்டு நாற்றங்காலுக்குள் ஏறிவிட்டது. அந்தப் பக்கத்துக்கே மெசின் வைத்து அறுக்கிறவர் ஒரே ஆள். இன்றைக்கு வருகிறேன், நாளைக்கு வருகிறேன் என்று எட்டு நாள் இழுத்தார். அவள் அரிவாளோடு முழங்கால் தண்ணீரில் நின்று கிளைகளைக் கழித்துப் பார்த்திருக்கிறாள். அடிமரம் அசையவில்லை. ஒன்பதாம் நாள் அவர் வந்து கால் மணி நேரத்தில் அறுத்துத் தள்ளிவிட்டுப் போனார். அதற்குள் நாற்று அழுகிவிட்டது.

அன்றைக்கு மத்தியானம் எனக்குப் போன் செய்தாள்.

"ஏனுங்க, எனக்கொரு மெசின் வாங்கிக் குடுங்க. சின்னதா, நான் தூக்கறாப்புல."

"உனக்கா?" என்று சிரித்தேன்.

"எனக்குத்தானுங்க. மரம் உழுந்தா நீங்க மூணாத்துல இருந்து வந்து அறுத்துக் குடுப்பீங்களா?"

சரி என்றேன். ஆனால் நான் சரி என்றதை அவள் எடுத்துக்கொண்ட அளவுக்கு நான் எடுத்துக்கொள்ளவில்லை. அடுத்த பத்து நாளும் அவள் போனில் மரம் அறுக்கும் வீடியோக்களாகப் பார்த்திருக்கிறாள். சங்கிலியை எப்படி இறுக்குவது, பெட்ரோலில் எவ்வளவு ஆயில் கலப்பது என்பதெல்லாம் என்னைவிட அவளுக்குத் தெரிந்திருந்தது. நான் லீவில் வருவதற்கு முந்தின நாள் வாட்ஸாப்பில் குரல் செய்தி ஒன்று அனுப்பினாள்.

"ஏனுங்க, மறந்துராதீங்க. பிளேடு பன்னெண்டு இஞ்சு போதும். எடை நாலு கிலோக்குள்ள இருக்கோணும். அதுக்குன்னு ஓட்டை ஒடசல் வேண்டாம், நாலஞ்சு வருசம் ஒழைக்கோணும். கையில தூக்கிப் பாத்து வாங்குங்க. உங்க கைன்னு நெனைக்காதீங்க, என்ற கைன்னு நெனச்சுத் தூக்குங்க."

அந்தச் செய்தி இன்னும் என் போனில் இருக்கிறது.

எங்கள் எஸ்டேட்டில் சில்வர் ஓக் மரங்களை அறுக்கிற ஒருவர் இருந்தார். மதுரைப் பக்கத்துப் பூர்வீகம். நான் மெசின் வாங்கப் போவதாகச் சொன்னதும், "சார், சின்ன மெசினை மட்டும் வாங்கிராதீங்க. அது வெளையாட்டுச் சாமான். முருங்கை வெட்டத்தான் ஆகும். பதினெட்டு இஞ்சா வாங்கிப் போடுங்க, ஆயுசுக்கும் கெடக்கும்" என்றார். யாருக்காக வாங்குகிறேன் என்று அவரிடம் நான் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் அவரே வேறு மாதிரி பேசியிருப்பார்.

பாலக்காட்டில் மோட்டார், ஸ்பிரேயர், மரம் அறுக்கும் மெசின் எல்லாம் விற்கிற ஒரு கடை. கடைக்காரர் தலைமுறையாக அங்கே வியாபாரம் செய்கிற தமிழ் முஸ்லிம் குடும்பத்தவர். நாங்கள் எல்லோரும் பாய் என்றுதான் கூப்பிடுவோம். நான் போனபோது கடையில் மோட்டார் சாமான் வாங்க வந்த இரண்டு பேர் நின்றிருந்தார்கள்.

"யாருக்குங்க, தொழிலுக்கா?" என்றார் பாய்.

"இல்ல, வீட்டுக்கு."

"வீட்டுக்குன்னா இது போதுமுங்க" என்று ஒரு சின்ன மெசினை எடுத்து மேசைமேல் வைத்தார். "நாலு கிலோகூட வராது. ஆனா உடம்பு பிளாஸ்டிக் இல்லீங்க, உள்ள பூரா அலுமினியம். தோட்டத்து வேலைக்குத் தாராளமா ஒழைக்கும். உதிரிச் சாமானும் நம்மகிட்டயே கெடைக்கும்."

அவள் சொன்னது அத்தனையும் அந்த மெசினில் இருந்தது. ஒற்றைக் கையில் தூக்கினேன். லேசாக மேலே வந்தது. பக்கத்தில் நின்ற இரண்டு பேரும் என்னைப் பார்த்தார்கள். ஐம்பத்தாறு வயது ஆம்பளை கையில் பொம்மையை வைத்துக்கொண்டு நிற்பதுபோல எனக்குக் கூச்சமாகிவிட்டது.

"பெருசு காட்டுங்க பாய்" என்றேன்.

பதினெட்டு இஞ்சு மெசின் வந்தது. ஆறரைக் கிலோ. தூக்கும்போது தோள்பட்டையில் ஓர் இழுப்பு. அந்த இழுப்பு எனக்குப் பிடித்திருந்தது. ஓய்வுக்குப் பிறகு அதைத் தோளில் வைத்துக்கொண்டு தோப்புக்குள் நடப்பதாக ஒரு நினைப்பு ஓடியது. அந்த நிமிஷத்தில் அவள் கை எனக்கு ஞாபகம் வரவில்லை என்று எழுதினால் அது இன்னொரு பொய். ஞாபகம் வந்தது. 'அவளெங்கே அறுக்கப் போகிறாள், ரெண்டு நாள் ஆசை' என்று அதைத் தள்ளிவிட்டேன்.

"இதை ஊட்டுல வேற யாராச்சும் எடுப்பாங்களா?" என்று பாய் கேட்டார்.

"இல்ல, நான்தான்."

வீட்டுக்கு வந்ததும் அவள் கையைத் துடைத்துக்கொண்டு ஓடி வந்தாள். பெட்டியைப் பிரித்து, இரண்டு கையாலும் மெசினைத் தூக்கி, இடுப்புக்கு மேலே கொண்டுவந்து பார்த்தாள். கீழே வைத்தாள். மறுபடி தூக்கினாள்.

"கனமா இருக்குதுங்களே. இதைவிடச் சின்னது இல்லீங்களா அங்க?"

"இல்ல. இருந்ததுலயே இதுதான் சின்னது."

அதைச் சொல்ல எனக்கு ஒரு நொடிகூடத் தேவைப்படவில்லை. அவளுக்கு அதை நம்பவும் ஒரு நொடி தேவைப்படவில்லை.

"அப்படிங்களா? செரி, இருக்கறதத்தான வாங்க முடியும்" என்றாள்.

அந்த ஞாயிற்றுக்கிழமை முழுதும் அவளுக்குச் சொல்லிக்கொடுத்தேன். கயிற்றை இழுத்து ஸ்டார்ட் செய்வதற்குள் அவளுக்கு வியர்த்துவிட்டது. ஆனால் விடவில்லை. சாயங்காலத்துக்குள் விழுந்து கிடந்த ஒரு தென்னையை மூன்று துண்டாக்கினாள். ஒவ்வொரு துண்டுக்கும் நடுவில் மெசினைக் கீழே வைத்துக் கைகளை உதறிக்கொண்டாள். நான் அதைப் பார்த்தேன். திங்கட்கிழமை பஸ் ஏறிவிட்டேன்.

அதற்குப் பிறகு நாலைந்து தடவை அவளே எடுத்து அறுத்திருக்கிறாள். ஒருநாள் போனில், "கை நடுங்குதுங்க. டம்ளரைக்கூடப் புடிக்க முடியல" என்றாள்.

"பழகீரும்" என்றேன்.

"ஆமாங்க, பழகீரும்" என்றாள் அவளும்.

ஐப்பசியில் ஒரு காற்றோடு வந்த மழையில், மாட்டுக்கொட்டகைக்குப் போகிற தடத்தில் வாகை மரத்துக் கொப்பு ஒன்று விழுந்தது. மறுநாள் காலையில் அவள் மெசினை எடுத்துக்கொண்டு போனாள். தோட்ட வேலைக்கு வருகிற பெண்ணும் கூட இருந்தாள். அந்தப் பெண்தான் என்னைக் கூப்பிட்டது.

"ஐயா, அம்மாவுக்குக் கால்ல மெசின் பட்டுருச்சுங்க. ரத்தம் நிக்க மாட்டீங்குது. ஆட்டோவுல ஏத்திட்டோம், ஆஸ்பத்திரிக்குப் போறமுங்க."

மறையூர், உடுமலை, பொள்ளாச்சி என்று பஸ் மாறி மாறி நான் வந்து சேர ஆறு மணி நேரத்துக்கு மேலாயிற்று. மறையூர் தாண்டும்போது போனைக் காதில் வைத்து அவளுடைய பழைய குரல் செய்தியைக் கேட்டேன். 'என்ற கைன்னு நெனச்சுத் தூக்குங்க.' மூன்று தடவை கேட்டேன். நாலாவது தடவை போட விரல் போகவில்லை. பக்கத்து இருக்கைக்காரர் என்னாயிற்று என்று மலையாளத்தில் கேட்டார். தலைவலி என்றேன். அன்றைக்கு அதுவும் ஒரு பொய்.

இடது கணுக்காலுக்கு மேலே வெட்டு. எலும்பு தப்பித்துவிட்டது. தசைநார் பாதி அறுந்திருந்ததைத் தைத்திருந்தார்கள். நான் உள்ளே போனபோது டாக்டர் அவளிடம் எப்படி ஆயிற்று என்று கேட்டுக்கொண்டிருந்தார்.

"அறுத்து முடிஞ்சுதுங்க. கொப்பு உழுந்துருச்சு. மெசினு கனத்துல அப்படியே கீழ எறங்கிருச்சு, என்னால புடிச்சு நிறுத்த முடியல. என்ற தப்புதானுங்க" என்றாள்.

டாக்டர் தலையசைத்து எழுதிக்கொண்டார். நான் கட்டிலின் கால்மாட்டில் நின்றேன். கனத்துல என்று அவள் சொன்ன சொல் எனக்கு மட்டும்தான் விளங்கியது.

சாயங்காலம் என் அக்கா வந்தாள். பக்கத்துத் தோட்டம் அவளுடையது. என் மனைவி அவளை நங்கையா என்று கூப்பிடுவாள். புருஷனின் அக்காளை எங்கள் பக்கத்தில் அப்படித்தான் கூப்பிடுவது. அக்கா உள்ளே வந்து கட்டுப் போட்ட காலைப் பார்த்தாள். கண் கலங்கினாள். பிறகு ஆரம்பித்தாள்.

"பொம்பளைக்கு எதுக்கு மெசினு? அதெல்லாம் நம்ம கைக்கு ஆவுமா? என்ற தம்பி அத்தனை தூரத்துல கெடந்து பொழைக்கறான், அவனை நிம்மதியா இருக்க உடவேண்டாமா?"

என் மனைவி முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டாள். நான் குளுக்கோஸ் பாட்டிலைப் பார்த்துக்கொண்டு நின்றேன். ஒரே ஒரு வாக்கியம் போதும், பேச்சு என் பக்கம் திரும்பியிருக்கும். சொல்லவில்லை. மெசினை வாங்கியதைவிட, பொய்யைவிட, அந்த அரை மணி நேரம் வாயை மூடிக்கொண்டு நின்றதுதான் இன்றைக்கும் என்னை உறுத்துகிறது.

ஒரு மாதம் லீவு போட்டு வீட்டில் இருந்தேன். பார்க்க வந்தவர்கள் எல்லோரும் அக்கா சொன்னதையே வேறு வேறு சொல்லில் சொன்னார்கள். பக்கத்துக் காட்டுக்காரர் வாசலில் நின்று, "மாப்ள, அடுத்ததா ஜேசிபி ஒண்ணு வாங்கிக் குடுத்துருங்க, அதையும் ஓட்டட்டும்" என்றார். நான் சிரித்தேன். சிரித்துவிட்டுத் திரும்பினால், ஜன்னலுக்குள்ளிருந்து அவள் என்னைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

கால் மெல்ல மெல்ல ஆறியது. நடையில் லேசாக ஓர் இழுப்பு தங்கிவிட்டது. லீவு முடிந்து நான் மூணாறுக்குப் போய், வழக்கம்போல வந்து போனேன். மூன்றாவது மாதம் ஒரு சனிக்கிழமை. மோட்டார் ரூமுக்கு முன்னால் அவள் நின்றுகொண்டிருந்தாள். வேலைக்கு வருகிற பெண்ணைக் கூப்பிட்டு, "நீ போயி அந்தப் பொத்தானை அமுக்கு கண்ணு" என்றாள்.

இருபது வருடமாக அந்த மோட்டாரை அவள்தான் போடுகிறாள். கரண்ட் குறைவாக வந்தால் சத்தத்தை வைத்தே சொல்லிவிடுவாள்.

"ஏன், நீ போடலையா?" என்றேன்.

"எனக்கு மெசினெல்லாம் வராதுங்க" என்றாள். வருத்தமாகச் சொல்லவில்லை. 'எனக்குப் பாகற்காய் பிடிக்காது' என்பதுபோலச் சாதாரணமாகச் சொன்னாள். விசாரித்தால், ஸ்கூட்டரையும் அவள் எடுப்பதில்லை. ஸ்பிரேயரைத் தொடுவதில்லை. முதலில் வலிதான் காரணம் என்று நினைத்தேன். பொத்தானை அமுக்கக் காலா வேண்டும்? வலி இல்லை. தன் கை ஒன்றுக்கும் ஆகாது என்று அவள் நம்பிவிட்டாள். நான் சொன்ன ஒரு வாக்கியத்தின் மேல் கட்டிய நம்பிக்கை அது. இருந்ததிலேயே சின்ன மெசினையே பிடிக்க முடியாத கை என்றால் அவள் வேறென்ன நினைப்பாள்?

மறுநாள் காலையில் அவள் கொல்லையில் உட்கார்ந்து அவரைக்காய்க்கு நார் எடுத்துக்கொண்டிருந்தாள். எதிரே போய் உட்கார்ந்தேன்.

"அந்தக் கடையில சின்ன மெசின் இருந்துது" என்றேன்.

"எந்தக் கடைலீங்க?"

"பாலக்காட்டுல. நீ சொன்ன மாதிரியே. பன்னெண்டு இஞ்சு, நாலு கிலோகூட வராது. கையில தூக்கிப் பாத்தேன்."

அவள் கை நின்றது.

"இருந்ததுலயே இதுதான் சின்னதுன்னீங்க?"

"பொய் சொன்னேன்."

"எதுக்குங்க?"

"பொம்மை மாதிரி இருந்துது. ரெண்டு பேர் பாத்துட்டு நின்னாங்க. அப்பறம்... நீ எங்க அறுக்கப் போறேன்னு நெனச்சேன்."

அவள் அழுவாள் என்று நினைத்தேன். கத்துவாள் என்றும் நினைத்தேன். மிச்சமிருந்த அவரைக்காய் அத்தனைக்கும் நார் எடுத்தாள். முறத்தைத் தட்டி ஓரமாக வைத்தாள்.

"கால்ல பட்டதுக்கு உங்களைச் சொல்ல மாட்டனுங்க. மெசினுன்னா எப்பவாச்சும் படத்தான் செய்யும். ஆனா நங்கையா அந்தப் பேச்சுப் பேசுனப்ப நீங்க கட்டலுகிட்டத்தான நின்னீங்க? ஜேசிபி வாங்கிக் குடுன்னு அவரு சொன்னப்ப நீங்களும் சேந்துதான சிரிச்சீங்க? மூணு மாசமா என்ற கைய நானே திட்டீட்டு இருந்தனே, அதைப் பாத்துட்டுத்தான இருந்தீங்க?"

நான் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

"போயி நங்கையாகிட்டச் சொல்லுங்க" என்றாள். "என்னைய மெச்சறதுக்கில்லீங்க. என்ற கை நல்லாத்தான் இருக்குதுன்னு இந்த ஊர்ல ஒருத்தருக்காச்சும் தெரியட்டும்."

அன்றைக்கே போனேன். அக்கா மாட்டுக்குத் தண்ணீர் காட்டிக்கொண்டிருந்தாள். நின்றபடியே சொன்னேன். மனைவி கேட்டது, நான் வாங்கியது, சொன்ன பொய் எல்லாவற்றையும் சொன்னேன். அக்கா வாளியைக் கீழே வைத்தாள்.

"இதைச் சொல்லச் சொல்லி அவதான அனுப்புனா?"

"இல்லக்கா, நடந்தது இதுதான்."

"போடா. உன்னைய எனக்குத் தெரியாதா? பொண்டாட்டி மேல பழி உழுகக்கூடாதுன்னு உன்ற தலையில போட்டுக்கற."

இரண்டு நாளில் அது ஊரெல்லாம் பரவிவிட்டது. டீக்கடையில் பக்கத்துக் காட்டுக்காரர் என் தோளைத் தட்டி, "பொண்டாட்டிய உட்டுக்குடுக்காத மனுசன் மாப்ள நீங்க" என்றார். இல்லை, நான்தான் பொய் சொன்னேன் என்றேன். "செரி செரி, அப்படியே வெச்சுக்குவோம்" என்று கண்ணடித்தார். நான் மறுக்க மறுக்க என் பெயர் இன்னும் உயர்ந்துகொண்டே போனது. வாழ்க்கையில் எனக்கு அத்தனை நல்ல பெயர் அதற்கு முன்னும் வந்ததில்லை, பின்னும் வந்ததில்லை.

அவளிடம் வந்து சொன்னேன். மூன்று மாதத்துக்குப் பிறகு அன்றைக்குத்தான் சத்தமாகச் சிரித்தாள். சிரிப்பு அடங்கியதும் சொன்னாள்:

"பாத்தீங்களா? நீங்க பொய் சொன்னாலும் நம்பறாங்க. நெசத்தச் சொன்னாலும் உங்களுக்குத்தான் நல்ல பேரு வருது."

பிறகு, "பாலக்காட்டுக்குப் போலாமுங்க. இந்தத் தடவை நான் தூக்கிப் பாக்கறேன்" என்றாள்.

அடுத்த லீவில் போனோம். பாய் என்னை அடையாளம் கண்டுகொண்டார். பெரிய மெசின் எப்படி ஓடுகிறது என்று கேட்டார். பிறகு அவள் படியேறும்போது காலை இழுப்பதைப் பார்த்தார்.

"பாய், அன்னிக்கு நீங்க சின்னதைத்தான் எடுத்து வெச்சீங்க. மெசின் இவங்களுக்கு. நான்தான் எனக்குன்னு சொல்லிப் பெருசை வாங்கிட்டுப் போனேன்" என்றேன். கடையில் அன்றைக்கும் வேறு இரண்டு மூன்று பேர் நின்றிருந்தார்கள்.

பாய் சிறிது நேரம் என்னையே பார்த்தார். பிறகு அவளைப் பார்த்து, "உக்காருங்கம்மா, எல்லாத்தையும் எடுத்துக் காட்டறேன்" என்றார்.

அவள் உட்காரவில்லை. மூன்று மெசின்களை மேசைமேல் வரிசையாக வைக்கச் சொன்னாள். ஒவ்வொன்றையும் தூக்கி, கையை நீட்டி, பக்கவாட்டில் சாய்த்து, அறுப்பதுபோலக் கீழே இறக்கி நிறுத்திப் பார்த்தாள். ஒரு தடவை இரண்டு தடவை இல்லை. கை களைக்கிற வரைக்கும் அப்படியே செய்தாள். "கடையில தூக்கறப்ப எல்லாம் லேசாத்தானுங்க இருக்கும். பத்துத் தடவைக்கு மேலதான் தெரியும்" என்றாள் பாயிடம். ஒன்று பின்பக்கம் கனத்தது என்று தள்ளி வைத்தாள். பேட்டரியில் ஓடுகிற ஒன்று எல்லாவற்றையும்விட லேசாக இருந்தது. சத்தமும் கிடையாது. நான் அதையே எடுத்துக்கொள்வாள் என்று நினைத்தேன்.

"சார்ஜ் எத்தனை நேரம் நிக்குமுங்க?"

பாய் மறைக்காமல் சொன்னார். "சின்னக் கொப்பு கழிக்க நல்லது. பச்சை மரமா, தொடர்ந்தாப்புல அறுத்தா அரை மணி நேரம்கூடத் தாங்காதுங்கம்மா."

"அப்ப வேண்டாமுங்க. தோட்டத்துக் கடைசில நின்னுட்டா, இந்தக் காலோட திரும்ப ஊடு வரைக்கும் நடக்கோணும்" என்றாள். என்னைக் குத்துவதற்காகச் சொல்லவில்லை. கணக்குப் போட்டுச் சொன்னாள். எனக்கு அது குத்தலைவிடக் கடினமாக இருந்தது.

மிச்சமிருந்தது அன்றைக்கு நான் வேண்டாம் என்று வைத்துவிட்டு வந்த சின்ன மெசின்தான். அவள் அதைத் திருப்பிப் போட்டு ஒவ்வொன்றாகக் கேட்டாள். காற்று வடிகட்டியை ஸ்பானர் இல்லாமல் கழற்றலாமா? சங்கிலிக்கு எண்ணெய் தானாக இறங்குமா? தென்னையை அறுத்தால் சங்கிலி சீக்கிரம் மழுங்கும், மாற்றுச் சங்கிலி எப்போதும் கிடைக்குமா? கயிறு அறுந்தால் இங்கேயே மாட்டித் தருவார்களா? பிரேக் விழுகிறதா என்று கைப்பிடிக்கு மேலிருக்கிற பட்டையை முன்னால் தள்ளி, பின்னால் இழுத்து, மறுபடி தள்ளிப் பார்த்தாள். பிறகு, "ஓட்டிப் பாக்கோணும்" என்றாள்.

கடைக்குப் பின்னால் அதற்கென்றே ஒரு தென்னந்துண்டு கிடந்தது. பாய் முதலில் பூட்ஸைக் கொண்டுவந்தார். பெண்கள் அளவில் இல்லை. ஆண்கள் அளவில் இருந்ததிலேயே சின்னதை எடுத்து, உள்ளே இரண்டு ஜோடி சாக்ஸ் போட்டுக்கொள்ளச் சொன்னார். முழங்கால் வரை மறைக்கிற தடித்த உறை ஒன்றையும் கட்டிவிட்டார். அவள் மெசினைத் தரையில் வைத்து, மிதித்துப் பிடித்து, கயிற்றில் கை வைத்தாள்.

கை அங்கேயே நின்றுவிட்டது.

நான் பார்த்தேன். விரல்கள் கயிற்றின் பிடியைச் சுற்றியிருந்தன. இழுக்கவில்லை. அவள் முகத்தில் அந்த மோட்டார் ரூம் வாசலில் பார்த்த அதே அமைதி. பாய் ஏதோ வேலை இருப்பதுபோலக் கடைக்குள் திரும்பிப் போனார். நான் இழுத்துக் கொடுக்கட்டுமா என்று கேட்க வாயெடுத்தேன். பற்களைக் கடித்துக்கொண்டு நின்றேன். எவ்வளவு நேரம் என்று தெரியாது. ஒரு நிமிஷமே இருக்கலாம்.

இழுத்தாள். இரண்டாவது இழுப்பில் ஓடியது.

தென்னந்துண்டில் வைத்து மெதுவாக இறக்கினாள். தூள் பறந்தது. வில்லை ஒன்று அறுந்து விழுந்தது. விழுந்த நொடியில் நான் அவள் காலைப் பார்த்தேன். மெசின் கீழே இறங்கவில்லை. அவள் பிடித்த உயரத்திலேயே நின்றது. விசையை விட்டு, பிரேக்கைத் தள்ளி, அணைத்தாள்.

"நிக்குதுங்க" என்றாள், யாரிடம் என்றில்லாமல்.

அந்த மெசின்தான் இப்போது வீட்டில் இருக்கிறது. இரண்டு மழை பார்த்துவிட்டது. ஒருதடவை கயிறு மாற்றினோம், வேறு பழுது இல்லை. அக்காவின் தோட்டத்தில் ஒரு முருங்கை சாய்ந்தபோது இவள்தான் போய் அறுத்துக் கொடுத்தாள். அக்கா காபி போட்டுக் கொடுத்தாளாம். பழைய பேச்சைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லையாம். மோட்டாரை மறுபடி இவளே போடுகிறாள். ஸ்கூட்டரை மட்டும் எடுப்பதில்லை. இடது காலை ஊன்றி நிறுத்தும்போது வலிக்கிறது என்கிறாள்.

நான் ஓய்வு பெற்று வந்துவிட்டேன். பெரிய மெசினை ஒருநாள் எடுத்து, காய்ந்த பனை ஒன்றை அறுத்துப் பார்த்தேன். நாலாவது துண்டில் என் கையும் நடுங்கியது. துடைத்து மூலையில் வைத்துவிட்டேன். விற்க மனமில்லை. வாங்குகிறவர் யாருக்காக வாங்குகிறார் என்று நமக்கென்ன தெரியும்?

அவள் என்னோடு முன்போலத்தான் இருக்கிறாள். சண்டை கிடையாது. அந்தக் கதையை அவளாக எடுத்ததும் இல்லை. அவளுடைய சர்க்கரைக்கும் பிரஷருக்கும் மாத்திரை வாங்க மாதாமாதம் சித்தூருக்கு நான் போகிறேன். முன்பெல்லாம் நான் உள்ளங்கையில் வைப்பதை என்ன ஏதென்று பார்க்காமல் வாயில் போட்டுத் தண்ணீர் குடிப்பாள். இப்போது மாத்திரை அட்டையை வாங்கிக்கொண்டு ஜன்னலருகே போகிறாள். கண்ணாடியைப் போட்டு, டாக்டர் சீட்டில் இருக்கிற பெயரையும் அட்டையில் இருக்கிற பெயரையும் எழுத்துக்கூட்டி ஒத்துப்பார்க்கிறாள். "செரிதானுங்க" என்று சொல்லிவிட்டு அப்புறம் விழுங்குகிறாள்.

அவள் படித்து முடிக்கிற வரைக்கும் நான் தண்ணீர் டம்ளரோடு நிற்பேன்.